இந்தியாவின் பத்து மார்க்

இரண்டாயிரத்து ஏழாம் வருசம் நூறு கோடிப் பேர் சார்பாக ஒரு பாட்டு வெளிநாட்டுக்குப் போனது. அந்த நூறு கோடியில் முக்கால்வாசிக்கு மேல், ஏன், தொண்ணூற்றொன்பது கோடிச் சொச்சம் பேருக்கு அந்தச் சங்கதியே தெரியாது. தெரிந்த மிச்சப் பேர் சிவகாசியிலும் எம். புதுப்பட்டியிலும் தாயில்பட்டியிலும் இருந்தார்கள். பாட்டுக்கு மெட்டுப் போட்டவன் பாலகுரு.

பாலகுருவுக்குப் பிழைப்பு லேபிள் வரைவது. நவநீதகிருஷ்ணன் முதலாளிக்குப் பட்டாசு ஆலை ஒன்று, அச்சகம் ஒன்று. அந்த அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சரவெடிப் பெட்டிக்குப் புலியும் புஸ்வாணப் பெட்டிக்கு மயிலும் பொருத்திக் கொடுப்பான். கோயில் பொங்கல், கல்யாண வரவேற்பு என்று யாராவது கூப்பிட்டால் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். தீபாவளி சீசனில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடுகிற பட்டாசு விளம்பரங்களுக்கெல்லாம் மெட்டு அவனுடையதுதான். அந்த விளம்பரம் வருகிற நேரம் பார்த்துத்தான் ஊரே எழுந்து ஒண்ணுக்குப் போகும். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் வேறு யாருமில்லை, அவனேதான். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் வலி கொஞ்சம் குறைவு என்று ஒரு கணக்கு.

உள்ளுக்குள் ஒரு ஏக்கம் இருந்தது. அவன் வீட்டைச் சேராத, அவனிடம் காரியம் எதுவும் ஆக வேண்டியிராத ஒரு மனிதர், அவன் மெட்டை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டு, ‘நல்லாயிருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அம்புட்டுத்தான். மாலை வேண்டாம், பட்டம் வேண்டாம். இந்த ஒன்று இல்லாமலே அவனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது.

மனைவி பொன்மணி பாராட்டாமல் இல்லை. “நல்லாத்தேன் இருக்கு. தோசை ஆறுது, தின்னுட்டு வாசிங்க” என்பாள். தோசையோடு வருகிற பாராட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது? முதலாளியிடம் ஒவ்வொரு விளம்பரத்தையும் போட்டுக் காட்டும்போது அவர் கேட்பது ஒரே கேள்வி. “சத்தமா இருக்குல்ல? அது போதும்லே.” வெடி விற்கிறவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டியிருக்கிறது.

அப்போதுதான் ஒரு சேட்டிலைட் டிவி அறிவிப்புக் கொடுத்தது. ஆசியாவிலும் பசிபிக் கடலிலும் இருக்கிற நாடுகளுக்குள் ஒரு பாட்டுப் போட்டி, கோலாலம்பூரில். நாட்டுக்கு ஒரு பாட்டு. எந்தப் பாட்டு என்பதை அந்தந்த நாட்டு ஜனங்களே எஸ்.எம்.எஸ். போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். மும்பையிலும் சென்னையிலும் பேர் வாங்கியவர்கள் யாரும் அதைச் சீந்தவில்லை. சிவகாசியில் ஒருவன் சீந்தினான். புஸ்வாண விளம்பரத்துக்குப் போட்ட மெட்டை எடுத்து, மூன்று நிமிசத்துக்கு இழுத்து, ‘பத்த வச்சா பூப்பேன், பக்கம் வந்தா சிரிப்பேன்’ என்று வரி எழுதி, பாண்டிச்செல்வியைப் பாடவைத்து அனுப்பிவிட்டான்.

பாண்டிச்செல்வி தாயில்பட்டிக்காரி. முதலாளியின் ஆலையில் பாக்கிங் பிரிவில் வேலை. பாலகுருவின் கச்சேரிகளில் பெண் குரல் அவள்தான். குரலைக் கேட்டால் ரோட்டில் போகிறவன் சைக்கிளை நிறுத்துவான். பேச்சைக் கேட்டால் மறுபடி ஏறிப் போய்விடுவான், வாய் அப்படி.

முதலாளி காதில் விசயம் விழுந்ததும் அவருக்குப் பாட்டைப் பற்றிக் கவலையில்லை, ‘இந்தியா’ என்ற வார்த்தைதான் பிடித்துப்போனது. ஆலையில் ஆளுக்கு ஒரு மெசேஜ் என்று சொல்லிவிட்டார். போதாததற்குப் பாட்னாவிலிருந்து கவுகாத்திவரை இருக்கிற டீலர்களுக்குப் போன் போட்டு, “சீசனுக்கு லோடு சீக்கிரம் வேணும்ல? அப்ப மெசேஜைப் போடுங்க” என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், பாலகுருவின் பாட்டு முதலிடம். டெல்லிப் பாடகர் ஒருவருக்கு இரண்டாம் இடம். பாவம், அவருக்கு டீலர்கள் இல்லை.

சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற ரோட்டில் ஒரு பெரிய தட்டி எழும்பியது. ‘உலகை வெல்லப் புறப்படும் எங்கள் இசைச் சூரியனே’ என்று போட்டு, முதலாளி படம் ஆள் உயரத்துக்கு, பாண்டிச்செல்வி படம் அதில் பாதி. சூரியன் மூலையில் தபால் தலை அளவுக்கு இருந்தது. அந்தத் தட்டியை வடிவமைத்தவனும் பாலகுருதான் என்பதால் யாரிடம் போய்க் குறை சொல்வது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் போட்டியின் விதிகள் வந்தன. அதில் ஒரு இடி. எந்த நாடும் தன் பாட்டுக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது. மற்ற நாட்டுப் பாட்டுகளுக்குத்தான் போடலாம். அதிக ஓட்டு வாங்கிய பாட்டுக்கு அந்த நாட்டின் சார்பில் பத்து மார்க், அடுத்ததுக்கு ஒன்பது, இப்படி இறங்கி ஒன்று வரை.

அச்சகத்தில் கூட்டம் போட்டார்கள். முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது. “எல்லா டீலருக்கும் சொல்லி வச்சிருக்கனேலே. இம்புட்டு ஓட்டையும் இப்ப எங்கன கொண்டுபோய்க் கொட்டுறது?”

பாலகுருவுக்கு மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் ஊர் வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. சீசன் உச்சத்தில் வாடிக்கைக்காரர் வந்து நிற்கிறார், கையில் சரக்குத் தீர்ந்துவிட்டது. இல்லை என்று வெறுங்கையோடு அனுப்பினால் கோபித்துக்கொள்வார். அதனால் வேறு ஒரு கம்பெனியைக் கைகாட்டுவோம். நல்ல கம்பெனியைக் காட்டினால் அடுத்த வருசம் அங்கேயே போய்விடுவார் அல்லவா? ஊரிலேயே ஓடாத சரக்கு எவரிடம் இருக்கிறதோ அவரைப் பார்த்துக் கைகாட்டுவோம். வாடிக்கைக்காரருக்கு உதவியதுபோலவும் ஆச்சு, அடுத்த வருசம் நம்மிடமே திரும்பி வந்ததுபோலவும் ஆச்சு.

“மொதலாளி, நம்ம ஓட்டு எல்லாத்தையும் செயிக்கவே மாட்டாதுங்கிற பாட்டுக்குப் போட்டுருவோம்” என்றான் பாலகுரு. “நல்லாப் பாடுறவனுக்கு நம்ம கையால ஒரு மார்க்குப் போகாது. நமக்குப் போட்டி கொறையும்.”

முதலாளி அவனை முதல் தடவையாக மனிதனாகப் பார்த்தார். “லேபிள் வரையிற பய இல்லலே நீ” என்றார்.

எல்லா நாட்டுக் குழுக்களின் போட்டோவும் வந்திருந்தது. மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். பசிபிக் கடலில் ஒரு தீவு நாடு. பேரைச் சொல்ல மாட்டேன், அந்த நல்ல மனிதர்களுக்குச் சங்கடம். படத்தில் தொப்பை வைத்த ஒரு ஆள், கைக்குழந்தை அளவுக்கு ஒரு கிடார், பக்கத்தில் சோழி மாலை போட்ட ஒரு பெண். பின்னால் மழையில் நனைந்த ஒரு தகரக் கொட்டகை. பார்த்த உடனே பாலகுரு விரலை வைத்துவிட்டான். “இதுதான். சத்தியமா ஓடாது.”

பாண்டிச்செல்வி மட்டும் இழுத்தாள். “அண்ணே, அவுக பாட்டை ஒருக்கா கேட்டுட்டுப் போடுவமே.”

“கேட்டா மனசு எளகிரும் தாயி. யாவாரத்துல அது ஆகாது.”

எவ்வளவு பெரிய ஞானி பாருங்கள். தன் பாட்டை ஒருத்தராவது கேட்க மாட்டாரா என்று ஏங்குகிறவன் சொன்ன வார்த்தை அது.

கோலாலம்பூரில் பாலகுருவுக்கு எல்லாமே பெரிதாக இருந்தது, அவனைத் தவிர. மேடைக்குப் பின்னால் ஒவ்வொரு நாட்டுக்காரரும் பத்துப் பன்னிரண்டு பேராக, ஒப்பனைக்கு ஒருத்தர், தலைமுடிக்கு ஒருத்தர் என்று வந்திருந்தார்கள். இந்தியா சார்பில் இரண்டு பேர். துணைக்கு ஒரு மலேசியத் தமிழ்ப் பெண்ணை விட்டிருந்தார்கள், மொழிபெயர்க்க. அந்தப் பெண் ரொம்ப மரியாதை. “சார், இந்தியாவில் நீங்க பெரிய மியூசிக் டைரக்டரா?” என்று கேட்டது. பாலகுரு, “ஏதோ இருக்கேம்மா” என்று அடக்கமாகச் சொன்னான். பாண்டிச்செல்விக்கு இருமல் வந்துவிட்டது.

மேடையில் பாண்டிச்செல்வி ஒரு குறை வைக்கவில்லை. பயப்படவும் இல்லை. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவளை விளக்கும் கேமராவும் என்ன செய்துவிடும். பாலகுருதான் கீபோர்டில் ஒரு இடத்தில் தப்புக் கட்டையை அமுக்கி, அதை வேண்டுமென்றே செய்ததுபோல இன்னொரு தடவையும் அமுக்கினான். கைதட்டினார்கள். எல்லாருக்கும் தட்டியதுபோலத்தான் தட்டினார்கள், ஆனால் அவன் காதுக்குக் கூடவே கேட்டது. அந்தத் தீவுக்காரர்கள் பாடியபோது அவன் கழிப்பறையில் இருந்தான்.

மார்க் போடுகிற நேரம் வந்தது. எல்லாரையும் ஒரு பெரிய அறையில் சோபாக்களில் உட்காரவைத்து, எதிரே டிவித் திரை. ஒவ்வொரு நாடாக மார்க்கை அறிவிப்பார்கள். முதல் ஆளே இந்தியா. நாட்டின் பத்து மார்க் அந்தத் தீவுக்குப் போனது. எதிர்ச் சோபாவில் தொப்பைக்காரர் எழுந்து நின்று, தலையில் கை வைத்து, சோழி மாலைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதார். பாலகுருவைப் பார்த்து இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார். பாலகுரு பெருந்தன்மையாகத் தலையசைத்தான்.

அடுத்த நாடு, இந்தியாவுக்கு ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாடு, ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் தமிழ் ஜனங்கள் இருக்கிறார்களே என்று நம்பி உட்கார்ந்திருந்தான், அவர்களும் கைவிட்டார்கள். இலங்கை வந்தது, போனது. பாலகுருவுக்கு முதல் இடம் என்ற நினைப்பு எப்போதோ போய், நடுவில் ஒரு இடம் என்ற நினைப்பும் போய், ஒரே ஒரு மார்க், எவனாவது ஒருத்தன் ஒரே ஒரு மார்க் போட்டால் போதும் சாமி என்ற இடத்துக்கு வந்து நின்றான். நடுவில் ஏதோ ஒரு நாடு போகிற போக்கில் அந்தத் தீவுக்கு ஒரு மார்க் போட்டது. இந்தியாவுக்கு முட்டை.

“அண்ணே, அழுதுராதீக. கேமரா இங்கிட்டுத்தான் பாக்குது” என்றாள் பாண்டிச்செல்வி.

கடைசியாக அறிவிக்க வந்தது அந்தத் தீவு. திரையில் ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கிற பெண் அவன் தோளைப் பிடித்து உலுக்கியது. பத்து மார்க், இந்தியாவுக்கு.

பாலகுரு எழுந்து நின்றான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. எங்கேயோ கடல் நடுவில் ஒரு தேசம், அவன் யாரென்றே தெரியாத ஜனங்கள், அவன் மெட்டைக் கேட்டு, இருக்கிற பாட்டுகளிலேயே இதுதான் நல்ல பாட்டு என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தர் போதும் என்று கேட்டவனுக்கு ஒரு தீவே கிடைத்துவிட்டது.

மொத்தப் பட்டியல் திரையில் வந்தது. கடைசிக்கு முந்தின இடத்தில் அந்தத் தீவு, பதினொரு மார்க். கடைசி இடத்தில் இந்தியா, பத்து. சிவகாசி கொடுத்த பத்து மார்க் இல்லையென்றால் தீவு ஒற்றை மார்க்கோடு அடியில் கிடந்திருக்கும். இவன் தூக்கிவிட்ட ஆள்தான் இவன் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தது.

முதலாளியிடமிருந்து போன் வந்தது. “கடைசியாலே?” என்றார். “ஆமா மொதலாளி.” “ஓடாத சரக்குன்னு சொன்னியே.” “ஓடல மொதலாளி. நம்மளவிட ஒரு எட்டு முன்னால போயிருச்சு.” “சரி விடு. ஊருக்கு வந்து பழையபடி ஒக்காந்து வேலையைப் பாரு” என்று வைத்துவிட்டார். எப்போதும் சுருங்கிப்போகிற பாலகுருவுக்கு அன்றைக்கு அது உறைக்கவே இல்லை. யாரிடம் எது போனால் என்ன, அவனிடம் பத்து மார்க் இருந்தது.

ஜெயித்த நாட்டுக்காரர்கள் வெளியே ஆடிக்கொண்டிருந்தார்கள். தீவுக்காரர் சோழி மாலை போட்ட தன் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு நேராக இவர்கள் சோபாவுக்கு வந்தார். பாலகுருவின் கையைப் பிடித்தவர் விடவில்லை. ஆங்கிலத்தில் நிறையப் பேசினார். மொழிபெயர்க்கிற பெண் சொன்னது. “இவர் அங்க பள்ளிக்கூட வேன் ஓட்டுறாராம். பாட்டு இவரோடதுதான். உங்க நாடு எவ்வளவு பெரிசு, இவ்வளவு ஜனம் எங்க பாட்டுக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு ஊர்ல சொன்னா யாரும் நம்பமாட்டாங்கங்கறார்.”

பாலகுரு சிரித்து வைத்தான்.

“உங்க ஜனங்களுக்குப் பாட்டுல எந்த இடம் ரொம்பப் பிடிச்சுச்சுன்னு கேக்கறார் சார். வீட்டுல போய்ச் சொல்லணுமாம்.”

பாலகுரு பாண்டிச்செல்வியைப் பார்த்தான். அவள் கூரையில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் முகத்தைப் பார்த்தான். அதில் இருந்த பசியை அவனுக்கு நன்றாகத் தெரியும், தினம் கண்ணாடியில் பார்க்கிறதுதான். எந்தப் பாட்டுக்கும் நடு என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்.

“அந்த நடுவுல ஒரு எடம் வருதுல்லம்மா, அது” என்றான். “அதான் எங்க ஆளுகளைத் தூக்கிருச்சு.”

அவர் முகம் மலர்ந்துபோனது. நடுவா, நடுவா என்று மருமகளிடம் திருப்பித் திருப்பிச் சொன்னார். பாலகுருவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஆசை யாரை விட்டது. இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

“அம்மா, நம்ம பாட்டுல இவுக ஊருக்கு எது புடிச்சுச்சுன்னு கேளுங்களேன்.”

பெண் கேட்டது. தீவுக்காரரின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் நகர்ந்தது. தரையைப் பார்த்தது, தண்ணீர் பாட்டிலைப் பார்த்தது. மருமகள் கூரை விளக்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொன்னார்.

“நடுவுல ஒரு இடம் வருதாம் சார்” என்றது பெண், சந்தோசமாக. “அதுதான் இவங்க ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதாம்.”

பாலகுருவுக்குப் புரிந்துவிட்டது. முதலில் கோபம்தான் வந்தது. ஏமாற்றுக்காரப் பயல், பாட்டைக் கேட்காமலே பத்து மார்க் போட்டிருக்கிறான் என்று பல்லைக் கடித்தான். அப்படித் திட்டிக்கொண்டிருக்கும்போதே யாரைத் திட்டுகிறோம் என்பது உறைத்தது. தன் கணக்கு உலகத்தில் தன் ஒருவனுக்கு மட்டும்தான் தோன்றும் என்று நினைத்தவனை என்ன சொல்வது. அழுகை வர வேண்டிய இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

“நான் அவுக பாட்டைக் கேக்கவே இல்லைன்னு சொல்லுங்கம்மா.”

“சார், அப்படியே சொல்லவா?”

“அப்படியே சொல்லுங்க. ஓடாத சரக்குன்னு நெனச்சுத்தான் ஓட்டைப் போட்டோம்னு சொல்லுங்க.”

பெண் தயங்கித் தயங்கிச் சொன்னது. தீவுக்காரர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கத் தொடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதைப் பெண் சொல்லி முடிப்பதற்குள் பாண்டிச்செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கேயும் எல்லாப் போட்டோவையும் மேசையில் பரப்பித்தான் பார்த்தார்களாம். பட்டாசுப் பெட்டிகளை அடுக்கிவைத்து அதற்கு முன்னால் ஒரு ஆள் திருட்டு முழி முழித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் பார்த்ததும், இதுதான் என்று இவர் விரலை வைத்தாராம்.

சிரித்து ஓய்ந்தார்கள். வெளியே ஆட்டச் சத்தம் கேட்டது.

“பாடச் சொல்லுங்கம்மா” என்றான் பாலகுரு. “மொதல்ல இருந்து.”

அவர் அந்தக் குட்டிக் கிடாரை எடுத்தார். மருமகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பாலகுரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மெதுவான பாட்டு. தொடக்கம் அழகு, முடிவு அதைவிட அழகு. முடிந்ததும் கண்ணைத் திறந்தான்.

“நல்லாயிருக்கு” என்றான். “மெய்யாவே நல்லாயிருக்கு. ஆனா நடுவுல அந்த எடம் மட்டும் தொய்யுது. அங்கன ஒரு சுருதி மேல ஏத்துனா நிக்கும்.”

பெண் சொன்னதும் தீவுக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து அந்த இடத்தை ஏற்றி மீட்டிப் பார்த்தார், இன்னொரு தடவை மீட்டினார், பிறகு பாலகுருவின் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கிடாரை ஓரமாக வைத்துவிட்டு, சோபாவுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த பாலகுருவின் கீபோர்டைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்.

பாலகுரு கட்டைகளின்மேல் விரலை வைத்தான். எத்தனை பொங்கல், எத்தனை கல்யாணத்தில் தூங்கிக்கொண்டே வாசித்த மெட்டு, முதல் கட்டை எதுவென்று நினைவுக்கு வரவில்லை. இது நல்லாயில்லை என்று இந்த மனிதர் சொல்லிவிட்டால்? இப்போது உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்ட ஆள் வேறு.

“வாசிங்கண்ணே” என்றாள் பாண்டிச்செல்வி. “கேக்கத்தான ஆளு ஒக்காந்திருக்கு.”

நிமிர்ந்து பார்த்தான். தீவுக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து, கண்ணை மூடியிருந்தார்.